மூச்சு வழியாக கீமோ... நாய்கள் கற்றுத்தந்த பாடம்!

கீமோ என்றாலே முடி கொட்டும், வாந்தி வரும், உடம்பு துவண்டுபோகும் என்ற பயம்தான் முதலில் வரும். ரத்தக்குழாயில் ஏற்றும் மருந்து உடல் முழுக்கச் சுற்றுவதுதான் இதற்குக் காரணம். கட்டி நுரையீரலில் மட்டும் இருந்தாலும் மயிர்க்கால், குடல், எலும்பு மஜ்ஜை எல்லாமே அடிவாங்கும்.

ஆஸ்துமா மருந்தை உறிஞ்சுவதுபோல, கீமோவையும் மூச்சு வழியாகவே கொடுத்தால்?

எலிகளின் நுரையீரல் மிகவும் சிறியது. அதனால், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் நாய்களிடம் இதைச் சோதித்தனர். இவை நோயைச் செயற்கையாக உண்டாக்கிய ஆய்வக நாய்கள் அல்ல. தானாகவே புற்றுநோய் வந்த நாய்கள். பெரிய இன நாய்களுக்குக் கால் எலும்பில் வரும் புற்றுநோய், காலையே எடுத்தாலும் பெரும்பாலும் நுரையீரலுக்குப் பரவிவிடும். வளரிளம் பருவத்தினரைத் தாக்கும் எலும்புப் புற்றுநோயும் இப்படித்தான்.

மருந்து எப்படிப் போகும்?

மருந்தை நுண்துளிகளாக்க வேண்டும். பெரிய துளி தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறியது வெளிமூச்சோடு வந்துவிடும். ஒன்று முதல் ஐந்து மைக்ரான் அளவுதான் சரி. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு! வெளிமூச்சிலும் மருந்து இருக்கும் என்பதால், பக்கத்தில் நிற்பவர்களைக் காக்க வடிகட்டியும் வேண்டும்.

நடந்தது என்ன?

1999-ல் முடிவுகள் வெளியாகின. டாக்ஸோரூபிசின், பாக்லிடாக்ஸெல் என்ற இரு மருந்துகள் கொடுக்கப்பட்டன. சில நாய்களுக்குக் கட்டி சுருங்கியது. உடலின் மற்ற பாகங்களில் வழக்கமான பக்கவிளைவுகள் தெரியவில்லை. ஆனால், டாக்ஸோரூபிசின் நுரையீரலையே புண்படுத்தியது. உடம்பைக் காப்பாற்றிய வழி, மருந்து போய்ச் சேர்ந்த இடத்தைச் சோதித்துவிட்டது.

பிறகு டாக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின், ஜெம்சிடபின் ஆகியவை மனிதர்களிடமும் சிறிய அளவில் சோதிக்கப்பட்டன. ஆனாலும் இது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. ஏற்கெனவே நோயால் தளர்ந்த நுரையீரல், இந்த மருந்தை எவ்வளவு தாங்கும் என்பதே பெரிய சிக்கல்.

எனவே, 'மூச்சு வழி கீமோ' என்று வாட்ஸ்அப்பில் ஏதாவது வந்தால் நம்பி, நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். வீட்டு நெபுலைசரில் கீமோ மருந்தை ஊற்றிப் பார்ப்பது நோயாளிக்கு மட்டுமல்ல, அதே அறையில் இருக்கும் குழந்தைக்கும் ஆபத்து. சந்தேகம் இருந்தால், உங்கள் புற்றுநோய் மருத்துவரிடமே கேளுங்கள்.