லீவு நாளில் எங்கே போகலாம்? திருப்பூரைச் சுற்றி கோயில், காடு, தொல்லிடம்

பனியன் கம்பெனி வேலையில் வாரத்துக்கு ஒரு நாள்தான் லீவு. அன்றைக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய், நடை சாத்திய கோயில் வாசலிலோ, 'குளிக்கத் தடை' பலகைக்கு முன்னாலோ நின்றால் எப்படி இருக்கும்? நம் மாவட்டத்தின் கோயில்கள் பெரும்பாலும் இந்து சமய அறநிலையத் துறையிடமும், காடும் பறவைகள் சரணாலயமும் வனத்துறையிடமும் உள்ளன. சில பழைய சின்னங்கள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. நேரமும் விதியும் இடத்துக்கு இடம் மாறும். அதனால் கிளம்பும் முன் விசாரித்துவிடுங்கள்.

அரை நாள் இருந்தால்

கொங்கு நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் ஏழு. அவற்றில் அவிநாசி, திருமுருகன்பூண்டி இரண்டும் நம் மாவட்டத்தில்தான் உள்ளன. முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் மீட்டார் என்பது அவிநாசியின் தலவரலாறு. அதே சுந்தரரிடம் சிவபெருமானின் பூதகணங்கள் வேடர் உருவில் வந்து வழிப்பறி செய்தன என்பது பூண்டியின் கதை. இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே கிளம்பினால் இரண்டையும் பார்த்துவிடலாம்.

ஊத்துக்குளி சாலைப் பக்கம் போனால் சர்க்கார் பெரியபாளையத்தில் சுக்ரீஸ்வரர் கோயில் இருக்கிறது. இது தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னம். கல்லில் பெயர் கிறுக்குவது சட்டப்படி குற்றம். அருகிலேயே நஞ்சராயன் குளம். 2022-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இது, 2024-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துகளையும் இங்கே பார்க்கலாம். காலை நேரம் நல்லது. சத்தம், பிளாஸ்டிக் இரண்டும் வேண்டாம்.

முழு நாள் இருந்தால்

உடுமலையிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில் திருமூர்த்தி மலை. அடிவாரத்தில் அமணலிங்கேஸ்வரர் கோயில், மேலே பஞ்சலிங்க அருவி. இங்கே ஒரு விஷயத்தை மறக்காதீங்க: நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மலைக்கு மேலே மழை பெய்து கொண்டிருக்கலாம். அந்தத் தண்ணீர் மொத்தமும் ஓடைகளில் சேர்ந்து திடீரென்று இறங்கும். அருவியில் கலங்கல் தெரிந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். ஊழியர்கள் 'வெளியே வாங்க' என்றால் வாக்குவாதம் வேண்டாம். பையை எடுக்கத் திரும்பிப் போகவும் வேண்டாம்.

அமராவதி அணைப் பகுதியில் வனத்துறையின் முதலைப் பண்ணை உள்ளது. பண்ணை முதலைகள் வேலிக்குள் இருக்கின்றன. அணையில் வாழும் முதலைகளுக்கு வேலி கிடையாது. தண்ணீரில் இறங்காதீர்கள். உடுமலை - மூணாறு சாலை ஆனைமலை புலிகள் காப்பகத்தின் வழியாகப் போகிறது. யானை நின்றால் ஹாரன் அடிக்காமல், வண்டியை விட்டு இறங்காமல், தள்ளியே காத்திருங்கள். செல்ஃபி வேண்டவே வேண்டாம்.

நூல் வந்த வழி

நொய்யல் கரையோரம் ஈரோடு மாவட்ட எல்லைக்குள் போனால் கொடுமணல் வரும். அகழாய்வில் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், கல்மணிகள், இரும்பு உருக்கியதற்கான தடயங்களுடன் நூல் நூற்கப் பயன்பட்ட தக்களி வட்டுகளும் இங்கே கிடைத்தன. நம் ஊர்த் தொழிலின் வேர் அவ்வளவு பழையது. தரையில் பானை ஓடு கண்ணில் பட்டால் படம் எடுங்கள், ஓட்டை எடுக்காதீர்கள். இடம் மாறிவிட்டால் அது சொல்லும் வரலாறும் போய்விடும்.

கிளம்பும் முன்

• நடை திறக்கும் நேரத்தையும் அருவி, வனப்பகுதி அனுமதியையும் அன்று காலையே உறுதி செய்யுங்கள்.
• பூஜை, காணிக்கைக்கு அரசு இணையதளத்தையே பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கில் பணம் கட்டாதீர்கள்.
• மலைப்பகுதியில் சிக்னல் கிடைக்காமல் போகலாம். மேப்பை முன்பே டவுன்லோடு செய்யுங்கள்.
• அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, வெள்ளம் போன்ற பேரிடர் தகவலுக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. இந்த எண்களை இப்போதே போனில் சேமித்து வையுங்கள்.