தொலைமருத்துவத்தில் சுகாதார அலுவலரின் பங்கு: இ-சஞ்சீவனியை முன்வைத்து

முன்னுரை

ஊரகத்தில் மருத்துவர் இல்லாத குறையைக் கைப்பேசி தீர்த்துவிடும் என்னும் நம்பிக்கை வளரும் நாடுகள் பலவற்றின் நலவாழ்வுத் திட்டங்களில் காணப்படுகிறது. இந்தியாவில் அந்நம்பிக்கையின் பெருவடிவம் இ-சஞ்சீவனி. மொகாலியிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இச்சேவை இருவகையாக நடைபெறுகிறது. 2019 நவம்பரில் தொடங்கிய முதல்வகையில், நோயாளி அருகிலுள்ள நலவாழ்வு மையத்திற்குச் செல்ல, அங்குள்ள சமுதாய சுகாதார அலுவலர் காணொளி வழியாக மருத்துவரை அழைக்கிறார். 2020 ஏப்ரலில், பொதுமுடக்கக் காலத்தில் வந்த இரண்டாம் வகையில், நோயாளியே வீட்டிலிருந்து அழைக்கிறார். புதுமையாகத் தோன்றுவது இரண்டாவதே. ஆயினும், 2022 டிசம்பரில் 8 கோடியைத் தாண்டிய ஆலோசனைகளுள் பெரும்பகுதி முதல்வகை வழியாகவே நிகழ்ந்தது. அதற்கான காரணத்தையும், அவ்வகையில் இடைநின்று செயற்படும் அலுவலரின் பணியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கருவியும் கைப்பழக்கமும்

ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), ஊரகப் பெண்களுள் தாமே பயன்படுத்தும் கைப்பேசி உடையோர் 46.6 விழுக்காட்டினர், இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியோர் 24.6 விழுக்காட்டினரே. ஊரக ஆண்களிடையே பின்னது 48.7 விழுக்காடு. இவ்விழுக்காடுகள் 15 முதல் 49 வயது வரையிலானோருக்கு உரியவை. மருத்துவத் தேவை மிகுந்த முதியோர் இக்கணக்கில் இல்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். எனவே செயலியை வழங்குவதாலேயே சேவை சென்றடைந்துவிடாது.

சொல்லும் நோயும்

சுகாதார அலுவலர் இணைப்பை ஏற்படுத்தித் தருபவர் மட்டுமல்லர். குருதியழுத்தம், குருதிச் சர்க்கரை ஆகியவற்றை அளக்கிறார். மருத்துவர் பரிந்துரைத்த மருந்தை மையத்தின் இருப்பிலிருந்து வழங்குகிறார். 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளும் சுகாதாரப் பணியாளர் வழி நிகழும் ஆலோசனையைத் தனிவகையாக ஏற்றுள்ளன. இப்பணிகள் பலராலும் பேசப்பட்டவை. பேசப்படாதது அவருடைய மொழிப்பணி.

நீரிழிவு உள்ள ஒருவர் ‘கால் மதமதன்னு இருக்கு’ என்கிறார் எனக் கொள்வோம். மற்றொருவர் ‘குடைச்சல்’ என்பார். வேறொருவர் ‘காந்துது’ என்பார். முதலாவது உணர்விழப்பையும், இரண்டாவது உள்நோவையும், மூன்றாவது எரிச்சலையும் சுட்டுகின்றன. மூன்றையும் ‘கால்வலி’ என்று பதிவுசெய்தால் மூவருக்கும் வலிமாத்திரையே கிடைக்கக்கூடும். உணர்விழந்த பாதத்தில் முள் தைத்தாலும் நோயாளி அறியார். புண் முற்றிக் காலையே நீக்க நேரிடலாம். நேரிற் பார்க்கும் மருத்துவராயின் பாதத்தைத் தொட்டுச் சோதிப்பார். திரைக்கு அப்பாலிருப்பவருக்கோ பதிவான சொல்லே முதற்சான்று. பிழை இங்கு நேர்ந்தால் இணைய வேகம் எவ்வளவு மிகினும் அது திருந்தாது. ஆலோசனைகளின் எண்ணிக்கையைக் கூறும் அறிக்கைகளில் இப்பிழை தென்படுவதுமில்லை.

நோயுணர்வைக் குறிக்கும் சொற்கள் வட்டாரந்தோறும் வேறுபடுகின்றன. கரிசல் வட்டார வழக்குகளைக் கி. ராஜநாராயணன் தொகுத்து அகராதியாக்கியது போல, நோய்ச்சொற்களை மட்டும் வட்டாரவாரியாகத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் மருத்துவர் துணையுடன் பொருள் வரையறுத்தல் இயலும். களப்பணிப் பயிற்சியுள்ள தமிழ்த்துறைகளும் சமுதாய மருத்துவத் துறைகளும் இணைந்து செய்யத்தக்க பணி இது. அத்தொகுப்பை முதலில் சுகாதார அலுவலர்களின் பயிற்சியிலும், பின்னர் நோய்க்குறிகளைப் பதியும் படிவத்திலும் சேர்க்கலாம்.