எண் தெரிந்தால் பொருள் திரும்பும்

எல்லை தாண்டிப் போகும் திருட்டுக் கருவியைத் தேடும் போலீசாருக்கு முதல் துப்பு, கடைக்காரரின் பில் ஃபைலில்தான் கிடைக்கிறது.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் சாலையில் நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருகின்றன. அடுத்து வரும் களியக்காவிளை தமிழ்நாடு. கடைகளின் பெயர்ப் பலகையில் எழுத்து மாறுவதைப் பார்த்துத்தான் மாநிலம் மாறியதையே உணர முடியும். 1956 நவம்பர் 1-ம் தேதி விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு சேர்ந்தது; நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. ஆனால் உறவும் வியாபாரமும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் தொடர்ந்தன. திருட்டுப் பொருளுக்கும் அந்த வசதி உண்டு.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் இன்று சிறிய மருந்துக் கடைக்கும் நகை அடகுக் கடைக்கும் இன்டர்நெட் இணைப்பு இருக்கிறது. சுவரில் ஒரு ரூட்டர், மேசைக்கடியில் ஒரு ஸ்விட்ச், அலமாரியில் கேமரா பதிவுக் கருவி. மூன்றையும் ஒரு சாக்குப் பையில் போட்டுத் தூக்கிப் போய்விடலாம். மறுநாள் காலை பில் போட முடியாது. கார்டு தேய்க்க முடியாது. பதிவுக் கருவியும் போய்விட்டால், திருடனின் முகமும் அதோடு போய்விடுகிறது.

அடுத்த கேள்வி, எந்த ஸ்டேஷனுக்குப் போவது? பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் திருவனந்தபுரம் ரூரல் போலீசின் எல்லைக்குள் வருகின்றன. களியக்காவிளை கன்னியாகுமரி மாவட்டப் போலீசுக்குச் சொந்தம். திருட்டு இங்கே, பொருள் அங்கே என்றால் அலைச்சல் நிச்சயம் என்று மக்கள் பயப்படுவதில் ஆச்சரியமில்லை. 2024 ஜூலை 1-ம் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு இதற்கு வழி சொல்கிறது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம். மின்னஞ்சலில்கூட அனுப்பலாம், மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட்டால் போதும்.

புகார் கொடுத்தாலும், “கறுப்பு நிற ரூட்டர் ஒன்று” என்று எழுதினால் யாரால் தேட முடியும்? கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்தான் அதன் அங்க அடையாளம். ரீசெட் பட்டனை அழுத்தினால் பாஸ்வேர்டு அழியும். உள்ளே பதிந்த சீரியல் எண் அழியாது. அதன் பக்கத்திலேயே இருக்கும் மேக் எண்ணை வைத்து நாட்டின் எந்த மூலையிலும் கண்டுபிடித்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. மேக் எண் அந்தக் கருவி இருக்கும் உள்வலையத்துக்குள் மட்டுமே தெரியும்; அடுத்த ரூட்டரைத் தாண்டி வெளியே போகாது. திருடுபோன கைபேசியை முடக்க 2023 மே மாதம் நாடு முழுவதற்கும் வந்த சி.இ.ஐ.ஆர். இணையதளமும் உதவாது. அது தேடுவது ஐ.எம்.இ.ஐ. எண்ணை, சிம் போடாத சாதாரண ரூட்டருக்கு அந்த எண்ணே கிடையாது.

ஆனாலும் சில கருவிகள் தாங்களாகவே காட்டிக்கொடுக்கும். ஃபைபர் இணைப்பின் மோடத்தை இன்டர்நெட் நிறுவனம் பெரும்பாலும் சீரியல் எண்ணை வைத்தே அடையாளம் காண்கிறது. வேறு வீட்டு லைனில் செருகினால் அங்கே தெரிந்துவிடும். பெரிய நிறுவனங்கள் வாங்கும் சில கருவிகள், இணைப்புக் கிடைத்ததும் தயாரிப்பாளரின் சர்வரைத் தொடர்புகொள்கின்றன. அப்போது பதிவாகும் ஐ.பி. முகவரி, தேதி, நேரம் மூன்றையும் கொண்டு போலீசார் இன்டர்நெட் நிறுவனத்திடம் சந்தாதாரர் யார் என்று கேட்கலாம். உரிமையாளர் தானே கேட்டால் அந்த விவரம் கிடைக்காது.

துப்பு வேறு வழியிலும் கிடைக்கும் என்பதற்குக் கேரளத்திலேயே உதாரணம் உண்டு. கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்டுவந்த விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலில் இருந்த கம்ப்யூட்டர் பாகங்கள் திருடுபோனது 2019 செப்டம்பரில் தெரியவந்தது. வழக்கை எடுத்துக்கொண்ட தேசியப் புலனாய்வு நிறுவனம், துப்புக் கொடுப்பவருக்கு 5 லட்ச ரூபாய் பரிசு அறிவித்தது. கப்பலில் வேலை செய்த 5,000-க்கும் மேற்பட்டவர்களின் கைரேகைகள் ஒப்பிடப்பட்டன. 2020 ஜூனில் பிடிபட்டவர்கள் இரண்டு பெயின்டர்கள். போர்க்கப்பலுக்காக ஆயிரக்கணக்கான ரேகைகளைப் பார்ப்பார்கள். பாறசாலை மருந்துக் கடைக்காக அப்படிச் செய்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அங்கே சீரியல் எண் ஒன்றுதான் துணை.

பொருள் கிடைத்த பிறகும் அது நேராகக் கடைக்கு வந்துவிடாது. கோர்ட் உத்தரவு வேண்டும். பிடிபட்ட பொருளை 15 நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் போலீஸ் ஸ்டேஷனில் வைக்கக்கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2002-லேயே சொல்லிவிட்டது. புகைப்படம் எடுத்து, பட்டியல் போட்டு, உரிமையாளரிடம் பாண்டு வாங்கிக்கொண்டு ஒப்படைக்கலாம். ஆனால் உரிமையாளர் யார் என்பதற்கு ஆதாரம்? மறுபடியும் பில், பில்லில் சீரியல் எண்.

வாங்குகிறவர்களும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இங்கே ஆக்ரிக் கடை, அங்கே பழைய இரும்புக் கடை, பெயர்தான் வேறு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவுப்படி மூன்று ஆண்டு வரை சிறை. பில் இல்லாமல் பாதி விலைக்கு வரும் ரூட்டர், அப்படி நம்பப் போதுமான காரணம்தான்.

இத்தனைக்கும் முன்னேற்பாடு ஐந்து நிமிட வேலை. கருவியைத் திருப்பி, ஸ்டிக்கரை ஒரு படம் எடுத்து, பில்லோடு சேர்த்து வீட்டில் வைக்க வேண்டும். கடையில் வைத்தால் அதுவும் திருடுபோகலாம்.