பரிகாரியார் அனுப்பிய ஆள்

மாரி தொடங்கி வட்டைக்குள் நீர் ஏறும்போது எலிகள் மேட்டு நிலம் தேடி வருகின்றன. அவற்றின் பின்னால் பாம்பும் வருகின்றது. வேளாண்மைக் காவலுக்கு வாடியில் படுப்பவரும், மண்தரையில் பாய் விரித்துப் பிள்ளைகளோடு உறங்கும் தாயும் இதை நன்கு அறிவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் படுவான்கரைக் கிராமமொன்றில், விடியுமுன் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஓமம் அவித்துக் கொடுத்தார்கள். சற்று நேரத்தில் அவனது இமைகள் தாழ்ந்தன. “பிள்ளைக்கு நித்திரை தூங்குது, படுக்க விடுங்க” என்றார் அம்மம்மா. காயமோ வீக்கமோ எங்கும் இல்லை. பாயை உதறியபோதுதான் கட்டு விரியன் வெளிப்பட்டது. உடனே பரிகாரியாரிடம் தூக்கிச் சென்றனர். அவர் பிள்ளையின் கண்களைப் பார்த்தார், வேப்பிலையைத் தொடவில்லை. வாகனத்தோடு வரும்படி எம்மிடம் ஆள் அனுப்பினார்.

பரிகாரிமாரைப் பழிப்பது எமது நோக்கமன்று. அவர்கள் கையால் பிழைத்தோர் பலர் என மக்கள் சொல்வதும் பொய்யன்று. ஆனால் அதற்கு வேறொரு காரணம் உண்டு. 2012–2013 இல் இலங்கை முழுவதும் வீடு வீடாக நடத்தப்பட்ட ஆய்வின்படி, ஓராண்டில் ஏறக்குறைய 80,000 பேர் பாம்புக்கடிக்கு உள்ளாகின்றனர். விஷம் ஏறியவர்கள் ஏறக்குறைய 30,000 பேரே. இறப்போர் 400இற்கு மேல். அதாவது, பாதிக்கு மேற்பட்டோர் எந்த மருந்தும் இன்றியே பிழைக்கக் கூடியவர்கள். தமக்கு விஷம் ஏறியதா இல்லையா என்பதைக் கடிபட்ட வேளையில் யாரால் சொல்ல முடியும்?

வைத்தியசாலையில் அதை அறிய வழியுண்டு. நாளத்திலிருந்து எடுத்த இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசையாமல் வைக்கிறார்கள். உறையாவிட்டால் கண்ணாடி விரியன் போன்றதன் விஷம் ஏறியுள்ளது. இமை, கழுத்து, மூச்சு என்பவற்றையும் அடிக்கடி பார்க்கிறார்கள். இதற்காகவே ஒரு நாளாவது தங்கச் சொல்கிறார்கள். ‘சும்மா வைத்திருக்கிறார்கள்’ என்று துண்டு வெட்டிக்கொண்டு வீடு திரும்புவது ஆபத்து.

விஷமுறி மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து பெறப்படுகிறது. சிறிது சிறிதாக விஷம் ஏற்றப்பட்ட குதிரையின் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளே அது. எமது அரச வைத்தியசாலைகளில் பயன்படும் இந்திய மருந்து நாகம், கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் உரியது. கோப்பி விரியனுக்கு உதவாது. முதலில் வழமையாக 10 குப்பிகள் ஏற்றப்படும். பிள்ளைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை அல்லவா? மருந்தே சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கலாம். முன்கூட்டிச் சிறிதளவு அட்ரினலின் ஊசி போட்டால் அது குறைகிறது என 1,000இற்கு மேற்பட்ட நோயாளரிடம் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான இலங்கை ஆய்வு காட்டியது.

கட்டு விரியன் விஷம் நரம்பு நுனிகளைச் சிதைத்த பின்னர் மருந்து அதை மீட்டுத் தராது. அப்போது செயற்கைச் சுவாசமே உயிரைக் காக்கும். எனவே இறுக்கிக் கட்டுவதிலும், கீறுவதிலும், பாம்பைத் துரத்துவதிலும் நேரத்தைப் போக்க வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் கொண்டு செல்லுங்கள். மோதிரம், கொலுசு, அறுநாக்கொடி ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள்.

போர்க்காலத்தில் இருட்டிய பின் மண்முனைத் துறையைக் கடப்பது எத்தகையது என்பதை எம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியும்வரை காத்திருந்து உயிர்விட்டவர்களை நாம் அறிவோம். 2014 இல் பாலம் திறக்கப்பட்டது. அன்று நாம் அதன் வழியாகவே மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கு விரைந்தோம். சிறுவன் ஐந்து நாட்கள் இயந்திரத்தால் மூச்சு விட்டான். ஆறாம் நாள் கண் திறந்து தண்ணீர் கேட்டான்.

பரிகாரியார் இன்றும் வைத்தியம் பார்க்கிறார். அவர் திண்ணைச் சுவரில் முச்சக்கர வண்டிக்காரர் இருவரின் தொலைபேசி இலக்கங்கள் கரியால் பெரிதாக எழுதப்பட்டிருக்கின்றன.