மைலேஜ் குறையுதுன்னு காரை மாத்தப் போறீங்களா? முதல்ல மீட்டரைச் செக் பண்ணுங்க

"வண்டி 14 தான் குடுக்குது, பேசாம புதுசு எடுத்துடலாம்." பழைய வேகன்ஆர் வச்சிருக்கிற பலரோட மனக்கணக்கு இது. அதை பேப்பர்ல போட்டுப் பார்ப்போம்.

மாசம் 800 கி.மீ. ஓட்டம், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்னு வச்சுக்கோங்க. 14 குடுக்கிற வண்டிக்குச் செலவு சுமார் 5,700 ரூபாய். 20 குடுக்கிற புது வண்டிக்கு 4,000. மிச்சம் 1,700 ரூபாய். ஆனா 5 லட்சம் லோன், 9% வட்டி, 7 வருஷம்னா இஎம்ஐ சுமார் 8,000!

சரி, அந்த 14 உண்மைதானா?

டயர் சைஸ்

ஓடோமீட்டர் சக்கரத்தோட சுத்தை வச்சுதான் தூரத்தைக் கணக்குப் போடும். 145/80 ஆர்13 இருந்த இடத்துல 155/80 ஆர்13 மாட்டியிருந்தா, ஒரு சுத்துக்கு வண்டி 5 செ.மீ. கூடுதலாப் போகும். மீட்டர் 420 காட்டும்போது நிஜ ஓட்டம் 432 கி.மீ. அதனால மைலேஜ் குறைவாத் தெரியும்.

செக் பண்ற முறை

1. பருத்திப்பட்டு, ஆவடி பக்கம் இருக்கிறவங்களுக்கு அவுட்டர் ரிங் ரோடு வசதி. பக்கத்துல ஒருத்தர் போன்ல ஜிபிஎஸ் ஆப் பார்க்கட்டும். 10 கி.மீ. ஓடினதும் டிரிப் மீட்டர் 9.7 காட்டினா, 10-ஐ 9.7-ஆல வகுங்க. 1.03 வரும். இனி மீட்டர் காட்டுற தூரத்தை இதால பெருக்குங்க.

2. டேங்க் ஃபுல் பண்ணுங்க. 400 கி.மீ. ஓட்டிட்டு அதே பங்க்ல மறுபடி ஃபுல். திருத்தின தூரத்தை இப்போ போட்ட லிட்டரால வகுத்தா நிஜ மைலேஜ். மூணு தடவை எடுத்து சராசரி பாருங்க.

ஸ்பீடோமீட்டர் முள் கொஞ்சம் கூடக் காட்டினா பயப்பட வேண்டாம். ஐ.நா.வோட 39-ஆம் விதிப்படி, நிஜ வேகத்தைவிடக் குறைச்சுக் காட்டக் கூடாது. 60-ல போகும்போது 70 வரைக்கும் காட்டலாம். இதுக்காக மீட்டரைப் பிரிச்சீங்கன்னா, விக்கும்போது "கிலோமீட்டரைக் குறைச்சுட்டாங்களோ"ன்னு சந்தேகம்தான் மிஞ்சும். டயர் தேயும்போது கம்பெனி சைஸுக்கே மாறிடுங்க.

கம்மி செலவுல மைலேஜ் ஏத்த

- 15 நாளுக்கு ஒருமுறை, டயர் சூடாகிறதுக்கு முன்னாடி, கம்பெனி சொன்ன அளவுக்குக் காத்து.
- ஓட்டி முடிச்சதும் ஒரு சக்கரம் மட்டும் அதிகமாச் சூடா இருந்தா, பிரேக் பிடிச்சுக்கிட்டு இருக்கலாம். உடனே காட்டுங்க.
- ஏர் ஃபில்டர் மாத்துறது கார்புரேட்டர் வண்டிக்கு நல்லாவே உதவும். இன்ஜெக்‌ஷன் வண்டியில மைலேஜ் பெரிசா ஏறாது.
- ஆவடி–பூந்தமல்லி ரோட்ல சிக்னல் நீளமா இருந்தா இன்ஜினை ஆஃப் பண்ணுங்க.

14-ஐ 16 ஆக்கினாலே மாசம் 700 ரூபாய் மிச்சம், லோன் இல்லாம. மூணு டேங்க் கணக்கு கையில வந்த பிறகு ஷோரூம் பக்கம் போறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க.