கன்றுகளின் குடல் நலமும் நன்மை தரும் கிருமிகளும்

செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் நெல்லும் மணிலாவும் எவ்வளவு முக்கியமோ, கறவை மாடும் அவ்வளவு முக்கியம். மழை பொய்த்த வருஷத்தில் மணிலா கைவிட்டாலும் பால் விற்ற பணம் குடும்பத்தைத் தாங்கும். ஆயினும், பசுவுக்குக் காட்டும் கவனத்தில் பாதியேனும் கன்றுக்குக் காட்டப்படுவதில்லை. பிறந்த சில நாட்களில் கழிச்சல் கண்டு கன்று மாண்டால், விதி என்று விட்டுவிடுகின்றனர். அது விதியன்று, பெரும்பாலும் தடுக்கக்கூடிய நஷ்டமேயாகும்.

குடலில் கிருமிகள் குடியேறுதல்: தாய் வயிற்றில் இருக்கும்வரை கன்றின் குடலில் கிருமிகள் அநேகமாக இல்லை. பிறந்த சில மணி நேரத்துக்குள் தாயின் மடி, சாணம், தொழுவத்துத் தரை ஆகியவற்றிலிருந்து எண்ணிறந்த கிருமிகள் உட்புகுகின்றன. கிருமிகள் யாவும் தீயவை என்று எண்ணலாகாது. லாக்டோபாசில்லஸ், பிபிடோபாக்டீரியம் முதலிய இனங்கள் பாலிலுள்ள சர்க்கரையைப் புளிக்கச் செய்து அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பில் ஈ. கோலை, சால்மோனெல்லா போன்ற தீய கிருமிகள் தழைப்பது கடினம். நாற்று அடர்ந்து பிடித்த வயலில் களைக்கு இடமில்லாதது போன்றதே இது.

இக்கருத்து புதியதன்று. பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஸ்தாபனத்தில் பணியாற்றிய மெட்ச்னிகாப் என்ற ருஷ்ய சாஸ்திரி, புளித்த பாலிலுள்ள கிருமிகள் குடலுக்கு நன்மை செய்யும் என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதினார். போதிய அளவில் உயிருடன் உட்கொள்ளப்பட்டு உடலுக்கு நன்மை தரும் இத்தகைய கிருமிகளுக்கே இன்று ‘புரோபயாடிக்’ என்று பெயர். ஐரோப்பிய யூனியன் நாடுகளில், வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் மருந்து கலப்பது 2006-ஆம் வருஷத்திலிருந்து தடை செய்யப்பட்டது. அதன் பின்னர் இக்கிருமிகளைப் பற்றிய நாட்டம் மிகுந்தது.

சீம்பாலே முதல் மருந்து: புரோபயாடிக் பொடி வாங்குமுன் சீம்பாலைக் கவனிக்க வேண்டும். மாட்டினத்தில் நோய் எதிர்ப்புச் சத்து நஞ்சுக்கொடி வழியாகக் கன்றுக்குச் சேர்வதில்லை. சீம்பால் வழியாகவே சேருகிறது. அச்சத்தை அப்படியே உறிஞ்சும் சக்தி கன்றின் குடலுக்குப் பிறந்த நேரம் முதல் குறைந்துகொண்டே வந்து, சுமார் 24 மணி நேரத்தில் அற்றுப்போகிறது. 1922-ல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித், லிட்டில் என்ற இரு சாஸ்திரிகள் செய்த சோதனையில், சீம்பால் பெறாத கன்றுகளில் பெரும்பாலானவை இறந்தன.

நஞ்சுக்கொடி விழும்வரை கன்றை ஊட்டவிடலாகாது என்ற வழக்கம் பல இடங்களில் இருந்துவருகிறது. இது கன்றுக்கு யமனாக முடியும். கன்று எழுந்து நின்றவுடன், இயன்றவரை 2 மணி நேரத்துக்குள், ஊட்டவிட வேண்டும். முதல் நாளில் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ எடையுள்ள கன்றுக்குச் சுமார் 2½ லிட்டர் சீம்பால், வேளைக்குச் சிறிதாகக் கொடுக்கலாம். கன்றுக்குப் போக மிஞ்சியதையே வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

புரோபயாடிக் கொடுக்கும் முறை: கால்நடை மருத்துவரின் யோசனைப்படி வாங்கி, பொட்டலத்தில் கண்ட அளவில், இளஞ்சூடான பாலில் கலந்து புகட்ட வேண்டும். கொதிக்கும் பாலில் கலந்தால் கிருமிகள் இறந்து பயனற்றுப் போகும். வெயிலிலும் ஈரத்திலும் பொட்டலத்தை வைக்கலாகாது. ஆன்டிபயாடிக் மருந்து புகட்டும் வேளையில் இதையும் சேர்த்துக் கொடுத்தால் மருந்து நல்ல கிருமிகளையும் கொல்லக்கூடும். மடிநோய்க்கு மருந்து பெற்ற பசுவின் பாலையும் கன்றுக்கு ஊட்டலாகாது.

வீட்டுத் தயிர் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. தயிர்க் கிருமிகள் பெரும்பாலும் குடலில் நிலைத்துத் தங்குவதில்லை. ஆதலால் அதைக் கழிச்சலுக்கு மருந்தாக நம்பலாகாது. பரிசோதனைகளில் புரோபயாடிக்கின் பலனும் எங்கும் ஒரே விதமாகக் காணப்படவில்லை. அழுக்குத் தொழுவத்தையும் குறைந்த சீம்பாலையும் எந்தப் பொடியும் ஈடு செய்யாது.

கழிச்சல் கண்டால்: கன்றைக் கொல்வது பெரும்பாலும் உடலில் நீரும் உப்பும் வற்றுவதே. பாலை அடியோடு நிறுத்தாமல், பால் வேளைகளுக்கு இடையில், மருந்தகத்தில் கிடைக்கும் குளுக்கோஸ் உப்புப் பொடியை நீரில் கரைத்துப் புகட்ட வேண்டும். கரும்புச் சர்க்கரையும் வெல்லமும் உதவா. அவற்றை ஜீரணிக்கும் சக்தி இளங்கன்றுக்கு இல்லை. கண் குழிந்து, வாய் சில்லிட்டு, ஊட்ட மறுத்தால் தாமதியாமல் மருத்துவரை அழைக்க வேண்டும். அக்கன்றை மற்றக் கன்றுகளிலிருந்து பிரித்துக் கட்டுவதும் அவசியம்.

இரண்டாம் வாரம் முதல் சிறிது கன்றுத் தீவனமும் நல்ல உலர்ந்த புல்லும் சுத்தமான தண்ணீரும் வைத்தால், பெருவயிற்றில் அசைபோடுதற்குரிய கிருமிகள் பெருகி, சுமார் மூன்று மாதத்தில் கன்று தீனியையே நம்பி வளரும்.

உலர்ந்த தரை, கழுவிய பாத்திரம், காலத்தில் சீம்பால் ஆகிய மூன்றுக்கும் செலவு சொற்பம். இவற்றைச் செய்தபின் நல்ல கிருமிகளைக் கொடுத்தால் அவை துணை நிற்கும். இன்றைய கன்றே நாளைய பசு என்பதைக் குடியானவர்கள் மறவாதிருப்பார்களாக.