மக்கும் பை என்கிறார்கள், சோதித்தது யார்?



கேரி பேக் விஷயத்தில் கையும் களவுமாகப் பிடிபடுவது எப்போதும் கடைக்காரர்தான். பையைத் தயாரித்தவர் எங்கோ இருக்கிறார். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. உரிய தரச் சான்று பெற்ற 'கம்போஸ்டபிள்' பைகளுக்கு அப்போது விலக்கு தரப்பட்டது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எத்தனை ரகங்கள் சந்தைக்கு வந்துவிட்டன! மரவள்ளி மாவுப் பை, சோள மாவுப் பை, 'பயோடிகிரேடபிள்' பை, எல்லாவற்றிலும் பச்சை நிறத்தில் ஓர் இலைப் படம்.

எம் கடைக்கு வரும் பை விற்பனையாளர்களில் சிலர் ஒரு டம்ளர் வெந்நீர் கேட்டு வாங்கி, பைத் துண்டை அதில் போட்டுக் கலக்கிக் காட்டுவதுண்டு. கரைந்துவிட்டது, ஆகவே மக்கும் என்பது அவர்கள் வாதம். உப்பும்தான் கரைகிறது, அது மக்கிவிட்டது என்று நாம் சொல்வோமா? வெயிலில் உதிர்ந்து பொடியாகும் ரகம் ஒன்று உண்டு. சாதாரண பாலிதீனில் ஒரு ரசாயனத்தைச் சேர்த்துச் செய்வது அது. கண்ணுக்குத் தெரியாத துகளாகிறதே தவிர, பிளாஸ்டிக் மண்ணிலேதான் கிடக்கிறது. ஐரோப்பிய யூனியன் 2021 ஜூலை முதல் இந்த ரகத்துக்குத் தடை போட்டுவிட்டது.

மெய்யான சோதனைக்கு டம்ளர் போதாது, மாதக்கணக்கில் பிடிக்கும். ஐ.எஸ். 17088 என்னும் தரத்தின்படி, பைத் துண்டுகளை முதிர்ந்த கம்போஸ்ட் எருவோடு கலந்து, மூடிய பாத்திரத்தில் சுமார் 58 டிகிரி சூட்டில் வைக்கிறார்கள். நுண்ணுயிர்கள் அதைத் தின்று வெளிவிடும் கரியமில வாயுவை அளக்கிறார்கள். 180 நாட்களுக்குள் பையிலுள்ள கரிமத்தில் 90 சதவீதம் வாயுவாகிவிட வேண்டும். இன்னொரு சோதனையில் 84 நாள் கழித்து 2 மி.மீ. சல்லடையில் சலிக்கிறார்கள். ரவை சலித்துப் பழகிய நமக்கு இது எளிதில் புரியும்: மேலே நிற்பது பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. அந்த எருவில் விதை போட்டு முளைக்கிறதா என்றும், ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் வரம்புக்குள் உள்ளனவா என்றும் பார்க்கிறார்கள். சென்னை கிண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட சிப்பெட் நிறுவனம் இத்தகைய சோதனைகளைச் செய்கிறது.

2016-ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, விற்பனைக்கு முன் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் பெற வேண்டும். தயாரிப்பாளர் பெயரும் சான்றிதழ் எண்ணும் பையிலேயே அச்சாக வேண்டும். சான்று பெற்றவர்களின் பட்டியலை வாரியம் வெளியிடுகிறது. எடைக் கல்லில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது போல, எண்ணை அந்தப் பட்டியலோடு ஒத்துப்பார்ப்பது பத்து நிமிட வேலை. எண் இல்லாத பையை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், கடைக்குள் ஏற்ற வேண்டாம்.

ஆனால் எண் இருந்தால் எல்லாம் சரி என்றும் எமக்குத் தோன்றவில்லை. ஆய்வுக்கூடம் பார்த்தது சாம்பிள், நம்மிடம் வருவது வேறொரு லாட். சாம்பிளில் முத்து முத்தாகத் துவரம் பருப்பைக் காட்டிவிட்டு மூட்டையில் உடைசலை அனுப்பும் கதை மண்டிக்காரர்களுக்குத் தெரியாததல்ல. சில்லறைக் கடையில் விற்கும் பையை எடுத்துத் திரும்பச் சோதிப்பதும், தவறு இருந்தால் முதலில் தயாரிப்பாளரைப் பிடிப்பதும் வழக்கமாக வேண்டும். இதை நம் சங்கங்கள் கோரிக்கையாக வைக்கலாம்.

58 டிகிரி சூடு தெருமுனைக் குப்பையில் கிடைக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். நல்ல பையேயானாலும் உரக்கிடங்குக்குப் போனால்தான் முறையாக மக்கும்.

வாங்கும்போது ஜி.எஸ்.டி. பில்லில் சான்றிதழ் எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுப்பவரிடம் சரக்கு எடுக்காதீர்கள். பில்லின் நகல் கல்லாப் பெட்டியிலேயே இருக்கட்டும், அதிகாரி வரும்போது தேட வேண்டியிராது. துணிப்பை போலவே தோன்றும் நெய்யாத பைகள், அதாவது 'நான் ஓவன்' பைகள், அந்த 14 வகைத் தடைப் பட்டியலில் உள்ளவை. அவற்றைத் துணி என்று நம்பி அடுக்கி வைத்திருப்போர் இப்போதே ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.